150 உருப்படி கலர் பெட்டி நாலு வயதுக்கு எதற்கு?

கேள்வி: மகளுக்கு நாலு வயது. ஓணம் லீவுக்கு என்று மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் 150 உருப்படி கலர் பெட்டியை 650 ரூபாய்க்கு வாங்கினேன். கிரேயான் அழுத்தினால் ஒடிகிறது, ஸ்கெட்ச் பேனாவில் பாதி முதல் நாளே வறண்டு கிடந்தது, விரலால் பூசும் பெயிண்டில் மண்ணெண்ணெய் வாடை. திருப்பிக் கொண்டுபோனால், ‘விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது’ என்று பில்லில் அச்சடித்ததைக் காட்டுகிறார்கள். என்ன செய்ய? பதிலுக்கு எதை வாங்க?
- தக்கலை வாசகி

பதில்: அந்த விரல் பெயிண்டை முதலில் பிள்ளை கைக்கு எட்டாமல் வையுங்கள், நாலு வயதில் விரல் வாய்க்குப் போகாமல் இருக்காது. ஆனால் வீசிவிடாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி. அப்புறம் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 14 வயதுக்கு உட்பட்டவர்களின் விளையாட்டுப் பொருளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். விரல் பெயிண்டுக்கென்றே ஐஎஸ் 9873 என்ற விளையாட்டுப் பொருள் பாதுகாப்புத் தரத்தில் ஏழாம் பாகம் இருக்கிறது. முத்திரையோடு சிஎம்/எல் என்று தொடங்கும் எண் இருக்க வேண்டும், அதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் உரிமம் யார் பெயரில் என்று வந்துவிடும். எண் இல்லாத முத்திரையை நம்ப வேண்டாம்.

பில்லில் அச்சடித்த வரிக்கெல்லாம் பயப்படாதீர்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. (பிள்ளைக்குக் கலர் பிடிக்கவில்லை என்று போனால் இது செல்லாது.) மறுபடி மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள். அதற்கும் மேலே நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் உண்டு, 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, என்றாலும் 650 ரூபாய்க்கு அங்கே வரை அலைவதை நான் சொல்ல மாட்டேன்.

சரி, எதை வாங்க? எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். பெருவிரல் பருமனில் 12 கிரேயான் போதும், முக்கோண வடிவம் என்றால் பிடிக்கவும் சுலபம், கட்டிலுக்கு அடியில் உருண்டும் போகாது. 2025 செப்டம்பர் 22 முதல் கிரேயானுக்கும் பென்சிலுக்கும் ஜிஎஸ்டி இல்லை, பழையபடி 12 சதவீதம் சேர்த்திருந்தால் கேளுங்கள். தண்ணீர்ப் பேனாவால் தடவினால் படம் தெரிகிற புத்தகமும் நல்லது, காய்ந்ததும் மறைந்து மறுபடி வரையலாம், நம்மூர் ஆனி, ஆடிச் சாரலில் மட்டும் காயக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

விளையாட்டுக்குத் தனியாகக் காசு வேண்டாம். தாயக்கட்டையோ பகடையோ எடுத்து ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கலர் ஒட்டுங்கள், எது விழுகிறதோ அந்தக் கலரால்தான் படத்தில் அடுத்த பகுதிக்கு நிறம் தீட்ட வேண்டும். யானை பச்சையாகும்போது பிள்ளை சிரிக்கிற சிரிப்பைப் பாருங்கள். இன்னொன்று, மஞ்சள் தண்ணீரைத் தாளில் பூசிக் காயவைத்து, ஆப்பசோடா கரைத்த நீரில் தூரிகையைத் தொட்டு வரையச் சொல்லுங்கள், கோடு ஆரத்தி மாதிரி சிவப்பாக வரும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு சொட்டினால் திரும்ப மஞ்சள். வேலியில் சங்குப்பூ இருந்தால் அதை வெந்நீரில் போட்டு நீலம் எடுங்கள், ஆறியபின் அதிலும் அதே எலுமிச்சை, நீலம் ஊதாவாகி இளஞ்சிவப்பாகும். பழைய சட்டையைப் போட்டுவிட்டு உட்கார வையுங்கள், மஞ்சள் கறை லேசில் போகாது.