ரெண்டாவது டீமுக்குத்தான் காத்து

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணியின் ரசிகன். ஒரு சீசன் முடிந்து அடுத்த சீசனுக்கு ஆள் சேர்க்கும் மாதங்கள் வந்தால் எனக்குத் தூக்கம் போய்விடும். இந்த முறை நானே ஒரு பட்டியல் போட்டு இணைத்திருக்கிறேன். வெளிநாட்டு வீரர்கள் ஆறு பேரையும் மாற்ற வேண்டும். இந்தியர்களில் முதல் பதினொன்றில் நிலையான இடம் இல்லாத பதினான்கு பேரையும் ரிலீஸ் செய்ய வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து சம்பளம் வாங்கும் சுமை அவர்கள். 2018-இல் கோப்பை வென்ற அணியைப் பாசத்தால் அப்படியே வைத்துக்கொண்டதால்தானே அடுத்த சீசனில் கடைசி இடம் வந்தோம்? தமிழ்நாட்டு வீரர்களை எடுக்க வேண்டும் என்ற பேச்சிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆட்டத்துக்கு ஊர் எதற்கு? என் கேள்வி இதுதான்: ஓர் அணியைப் புதிதாகக் கட்டும்போது முதலில் யாரை வாங்க வேண்டும்? கோல் அடிப்பவரையா, தடுப்பவரையா? உங்கள் ஊர்ப் பக்கமும் கால்பந்து உண்டு என்று முன்பு எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசகன்

அன்புள்ள தம்பி,

உங்கள் பட்டியலில் கழித்துவிட்ட பதினான்கு பேரில் பாதிப் பேர் முழுசாக ஓர் ஆட்டம் ஆடி நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அவர்கள் ஆடவே இல்லை என்பதுதானே உங்கள் புகார்? பார்க்காத ஒருவனை எதை வைத்துக் கழித்தீர்கள்? டூரண்ட் கோப்பையில் பல அணிகள் ரிசர்வ் பையன்களை இறக்குகின்றன. அந்த ஆட்டங்களைப் பார்த்துவிட்டு எழுதியிருந்தால் உங்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் பேசியிருப்பேன்.

கோபமாகத் தொடங்கிவிட்டேன். காரணம் இருக்கிறது. என் அக்கா மகன் இந்த ஆண்டு கல்லூரி அணித் தேர்வுக்குப் போனான். ஒரு வாரம் கேம்ப். காலையும் மாலையும் ஓடினான். கடைசி நாள் ராத்திரி வாட்ஸ்அப் குழுவில் பதினெட்டுப் பெயர் வந்தது. அதில் அவன் பெயர் இல்லை. கொஞ்ச நேரத்தில் அந்தக் குழுவிலிருந்தே அவனை எடுத்துவிட்டார்கள். "மாமா, என்ன கொறைன்னு சொல்லியிருந்தா சரி பண்ணிருப்பம்லா" என்றான். அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அதையே நினைத்துக்கொண்டிருந்த நாட்களில்தான் உங்கள் பட்டியல் வந்தது.

வெளிநாட்டு வீரர் விஷயத்தை உங்களிடமே விட்டுவிடுகிறேன். 2021-22 சீசனிலிருந்து நம் அணி ஆடும் இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐ.எஸ்.எல்.) ஆறு பேரைப் பதிவு செய்யலாம், நான்கு பேரைக் களத்தில் இறக்கலாம். ஆறு பேரையும் மாற்றுவீர்களோ அறுபது பேரைக் கூப்பிட்டுப் பார்ப்பீர்களோ, பெரும்பாலும் ஓரிரு ஆண்டு ஒப்பந்தத்தில் வருகிறவர்கள் அவர்கள். அதில் எனக்கு விவாதம் இல்லை.

2018 கதைக்கு வருவோம். அந்த மார்ச் 17-ஆம் தேதி பெங்களூருவில், பெங்களூரு அணியை 3-2 என்று வென்றோம். மைல்சன் ஆல்வெஸ் இரண்டு, ரஃபேல் அகுஸ்டோ ஒன்று. அடுத்த சீசனில் 18 ஆட்டத்தில் 9 புள்ளி, பத்தாவது இடம். இதுவரை நீங்கள் சொல்வது சரி. 'அப்படியே வைத்துக்கொண்டார்கள்' என்பதுதான் தவறு. கேப்டன் என்றிக் செரேனோ போய்விட்டார். நடுக்களத்தில் ஓடி ஓடிப் பந்தைப் பறித்த நம் சென்னைப் பையன் தன்பால் கணேஷ் முழங்கால் காயத்தில் வெளியே உட்கார்ந்தார். அந்த இடத்துக்குப் பழக்கிய ஆள் பின்னால் இல்லை. பாசத்தால் வந்த தோல்வி இல்லை தம்பி, இது அடுத்த வரிசை மெலிந்ததால் வந்த தோல்வி. 2020-இல் நம் பயிற்சியாளர் ஓவன் கோயல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார், 15 கோல் அடித்த வால்ஸ்கிஸும் அவர் பின்னாலேயே போனார். இறுதிப்போட்டி வரை வந்த அணி அடுத்த சீசனில் எட்டாவது இடத்தில் முடிந்தது. இதிலும் பாசம் எங்கே இருக்கிறது?

நீங்கள் சுமை என்று எழுதிய அந்த அடுத்த வரிசையைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும்.

திசையன்விளைக்கும் உவரிக்கும் நடுவே தேரி மண்ணில் ஆடி வளர்ந்தவன் நான். எங்கள் பக்கம் டோர்னமென்ட் என்றால் மே மாதம், பள்ளிக்கூட விடுமுறை. அது முடிந்து ஆனி பிறந்தால் மேக்காத்து தொடங்கிவிடும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து பணகுடி, ராதாபுரம் என்று அடித்துக்கொண்டு கடலுக்குப் போகிற காற்று. இன்று அந்த வழியெங்கும் காற்றாலைகள் நிற்கின்றனவே, அதே காற்றுதான். கோல் கிக் அடித்தால் பந்து மேலே போய் அடித்தவன் தலைக்கே திரும்பும். கண்ணில் மண் விழும். எந்த ஊரும் அந்த மாதங்களில் போட்டி வைக்காது. எங்களுக்கு அதுதான் ஆஃப் சீசன்.

எங்களைப் பழக்கிய பி.டி. சார் அந்த மாதங்களில்தான் அணியைக் கட்டினார். தினமும் சாயங்காலம் முதல் டீமும் ரெண்டாவது டீமும் மோத வேண்டும். அதில் அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார்: ரெண்டாவது டீமுக்குத்தான் காத்து. பாதி ஆட்டத்தில் பக்கம் மாற்றுவதே கிடையாது. முதல் டீம் முழு நேரமும் எதிர்க்காற்றில் ஆட வேண்டும். தூக்கி அடித்தால் பந்து போகாது என்பதால் தரையோடு தரையாகத் தட்டி, பக்கத்தில் நிற்பவனுக்குக் கொடுத்து, அவன் திருப்பிக் கொடுக்கும் இடத்துக்கு ஓடிப் பழகினோம். ரெண்டாவது டீமுக்கும் அதில் லாபம் இருந்தது. காற்று அவர்கள் பக்கம் இருந்ததால் தினமும் ஜெயிக்கிற வாய்ப்போடு ஆடினார்கள். தோற்பதற்கென்றே யாரும் தினமும் மைதானத்துக்கு வர மாட்டான், அது அவருக்குத் தெரியும். மே மாதம் காற்றில்லாத மைதானத்தில் இறங்கும்போது பந்து எங்கள் காலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

ரெண்டாவது டீமின் ஸ்டாப்பர், அதாவது கோலுக்கு முன்னால் நின்று தடுப்பவன், கூட்டப்பனையிலிருந்து வருவான். ராத்திரி அப்பாவோடு வள்ளத்தில் கடலுக்குப் போய், விடியக் கரையேறி, மத்தியானம் தூங்கி எழுந்து வருகிறவன். பேச்சு குறைவு. எங்கள் சென்டர் ஃபார்வர்டை அவன்தான் தினமும் பிடிப்பான். இடுப்பை ஒட்டி நிற்பான், திரும்பவே விட மாட்டான். "ஏல, இவங்கிட்ட தப்பிச்சா நீ எந்த ஊர்லயும் தப்பிச்சிருவ" என்பார் சார். போட்டிகளில் ஸ்டாப்பர் இடத்துக்கு வேறு ஒருவர் இருந்தார், வயதில் மூத்தவர். கூட்டப்பனைப் பையன் டோர்னமென்டில் இறங்கியதே அபூர்வம். உங்கள் கணக்கில் அவன் முதல் ரிலீஸ்.

எங்கள் ஊர்க் கமிட்டியும் அந்தக் கணக்கைத்தான் போட்டது. ஒரு வருஷம் வசூல் நன்றாக இருந்ததால் திருவனந்தபுரத்திலிருந்து மூன்று கெஸ்ட் பிளேயர்களைப் பேசி வந்தார்கள். சாரிடம் கேட்கவில்லை. ஜெர்சி எண்ணித்தான் வாங்கியிருக்கிறது, ஆள் கூடிப்போச்சு என்று சொல்லி, மைதானத்து வாசலிலேயே நிறுத்தி, "நாளையிலருந்து நீ வரண்டாம்டே" என்று அவனிடம் சொன்னார்கள். அவன் கட்டியிருந்த பூட்டைக் கழற்றினான். அது கமிட்டி பூட்.

அந்த மே மாதம் கோப்பை எங்களுக்குத்தான். ஊரில் வேட்டு போட்டார்கள். நீங்கள் அங்கே இருந்திருந்தால் கமிட்டியின் முடிவு சரி என்று பத்துப் பக்கம் எழுதியிருப்பீர்கள். ஆனி வந்தது, காற்று வந்தது. ரெண்டாவது டீமில் ஒவ்வொருவனாக நின்றுவிட்டான். ஒருவன் திருப்பூருக்கு வேலைக்குப் போனான், ஒருவனுக்குச் சாயங்காலம் கடையில் ஆள் வேண்டுமாம். எல்லாருக்கும் ஒவ்வொரு காரணம் இருந்தது. வாசலில் நடந்ததை எல்லாரும் பார்த்திருந்தார்கள் என்பதுதான் நிஜமான காரணம். எதிரே ஆட ஆளில்லாமல் நாங்களே எங்களுக்குள் அஞ்சஞ்சு பேராகப் பிரிந்து ஆடினோம். எங்கள் சென்டர் ஃபார்வர்டை இடுப்பை ஒட்டிப் பிடிக்க யாரும் இல்லை. அடுத்த மே மாதம் கெஸ்ட் பிளேயர்கள் கூடுதலாகக் கொடுத்த இன்னோர் ஊருக்கு ஆடினார்கள். நாங்கள் முதல் ரவுண்டிலேயே வெளியே வந்தோம். சார் அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார்.

இது கிராமத்து விஷயம், பெரிய கால்பந்துக்கு ஒத்துவராது என்று சொல்வீர்கள். சரி, ஸ்பெயினுக்குப் போவோம். பில்பாவோவின் அத்லெடிக் கிளப், பாஸ்க் நாட்டில் பிறந்தவர்களையும் அங்கே ஆட்டம் கற்றவர்களையும் மட்டுமே சேர்க்கிறது. 1929-இல் லா லிகா தொடங்கியதிலிருந்து ரியல் மாட்ரிட், பார்சிலோனாவோடு சேர்த்து, கீழ்ப்பிரிவுக்கு இறங்காத மூன்றே அணிகளில் அதுவும் ஒன்று. 2018-இல் செல்சி அவர்களுடைய கோல்கீப்பர் கெபாவை 8 கோடி யூரோ கட்டிக் கொண்டுபோனது. உங்களைப் போன்ற ஒருவர் அங்கே இருந்திருந்தால் அந்தப் பணத்தைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு ஓடியிருப்பார். அவர்களோ எல்சே அணிக்கு லோனில், அதாவது தற்காலிகமாக ஆட, அனுப்பியிருந்த தங்கள் பையன் ஒருவனைத் திரும்ப அழைத்தார்கள். உனாய் சிமோன். உடனே அவருக்கு நிரந்தர இடம் கிடைத்துவிடவில்லை, அடுத்தவருக்குப் பின்னால் காத்திருந்தார். 2024-இல் ஸ்பெயின் யூரோ கோப்பை வென்றபோது கோல் காத்தவர் அவர்தான். அதே 2024-இல் அத்லெடிக் 40 ஆண்டு கழித்துக் கோபா டெல் ரே வென்றது. நாற்பது ஆண்டு காத்திருக்கச் சம்மதித்த ரசிகர்கள் தம்பி அவர்கள். நீங்கள் ஒரு சீசனுக்கு இருபது பேரை வீட்டுக்கு அனுப்புகிறீர்கள்.

நம் பையன்கள் விஷயத்தை ஒரு வரியில் தள்ளிவிட்டீர்கள். ஊர்ப் பாசத்துக்காக ஒருவனைச் சேர்க்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. ஆனால் தேடாமலே 'இல்லை' என்று சொல்லக் கூடாது. 2020 மார்ச்சில் இறுதிப்போட்டியில் நம்மை 3-1 என்று தோற்கடித்த கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியின் அந்த சீசன் ஆட்டக்காரர்களில் ஒருவர் மைக்கேல் சூசைராஜ். நமக்குப் பக்கத்துக் குமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரர். சென்னை சிட்டி அணியில் ஆடி வெளியே தெரிந்தவர். அதே சென்னை சிட்டி 2018-19-இல் இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக்கை நான்கு ஸ்பானியர்களையும் நம் பக்கத்துப் பையன்களையும் வைத்துக்கொண்டு ஈஸ்ட் பெங்காலை விட ஒரே ஒரு புள்ளி கூடுதலாக எடுத்து வென்றது. அந்த அணியின் எட்வின் வான்ஸ்பால் பிறகு நம் சென்னையினுக்கே வந்தார். யாரோ ஒருவர் இந்தக் கடற்கரை மைதானங்களில் வெயிலில் நின்று பார்த்ததால் அவர்களெல்லாம் கிடைத்தார்கள்.

2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். சீசனே நிறுத்திவைக்கப்பட்டது நினைவிருக்கும். ஆகஸ்டில் சில அணிகள் முதல் அணியின் வேலைகளை நிறுத்தின, சம்பளமும் நின்றது. பெரிய பெயர் உள்ளவர்கள் சமாளித்திருப்பார்கள். உங்கள் பதினான்கு பேரைப் போன்றவர்கள் அந்த மாதங்களில் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள்? ரசிகனும் அவர்களைச் சுமை என்றால் அவர்களுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்? நீங்கள் மனசு கெட்டவர் இல்லை. உங்கள் கடிதத்தில் அணி மீதான அன்பு வரிக்கு வரி தெரிகிறது. அந்த அன்பு ஏன் பதினோரு பேரோடு நின்றுபோகிறது என்பதுதான் என் வருத்தம்.

யாரையும் அனுப்பவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முப்பது பேரை வைத்துக்கொள்ளப் பணம் இருக்காது, வயது ஏறும், வேகம் குறையும். அனுப்பத்தான் வேண்டும். அப்போது எதிரே உட்கார்த்தி வைத்து, உன் இடது கால் போதவில்லை, உன் இடத்தில் உன்னைவிட வேகமான பையன் வந்திருக்கிறான், இந்த இந்த ஊரில் உன்னை எடுத்துக்கொள்வார்கள் என்று பயிற்சியாளரே சொல்ல வேண்டும். அதைக் கேட்டுவிட்டுப் போகிறவன் அந்த அணியைக் கடைசிவரை தன் அணி என்பான். மிச்சம் இருப்பவர்களும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நீங்கள் கேட்டது யாரை முதலில் வாங்குவது என்று. கோல் அடிக்கிற இந்தியருக்குப் பஞ்சம் என்பது உண்மை. ஓய்வு அறிவித்த சுனில் சேத்ரியை 2025-இல் நாற்பது வயதில் தேசிய அணிக்குத் திரும்ப அழைத்தார்கள். இருந்தாலும் நான் என்றால் ஸ்டாப்பரைத்தான் முதலில் எடுப்பேன், அதுவும் இரண்டு பேரை. ஒருவர் போட்டியில் ஆட, இன்னொருவர் தினமும் நம் ஃபார்வர்டைப் பிடிக்க.

அந்தப் பட்டியலைத் திரும்ப எழுதி அனுப்புங்கள். பதினான்கு பெயருக்கும் எதிரே, அவரவர் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய காரணத்தை ஒவ்வொரு வரியில் எழுதுங்கள். காரணம் எழுத வராத பெயர்களை அடித்துவிடுங்கள். மீதி எத்தனை பேர் என்று பார்த்துவிட்டுப் பேசுவோம்.

அன்புடன்,
அண்ணாச்சி