மல்லாட்டை, மாமன் கல்யாணம், கத்தி: கேன்சர் ஜீன் பற்றி நீங்கள் கேட்டவை

கேன்சருக்கும் ஜீனுக்கும் என்ன சம்பந்தம், கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். காட்பாடியில் இருக்கிறேன். ரிட்டயர் ஆகும்வரை லேபில் உட்கார்ந்து மைக்ராஸ்கோப்பில் குரோமோசோம் எண்ணியதுதான் என் வேலை. டாக்டர் இல்லை. மாத்திரை பெயர் கேட்டவர்களுக்குப் பதில் வராது, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஆரணி: அக்கா, அம்மாவுக்கு 46 வயதில் மார்பகப் புற்று. சித்திக்கும் அதே. எனக்கு 31. எங்கள் ரத்தத்திலேயே ஓடுகிறதா?

கேன்சர் எல்லாமே ஜீன் கெட்டு வருவதுதான். ஆனால் கெட்ட ஜீனோடு பிறந்து, அதனால் கேன்சர் வருபவர்கள் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேர்தான். மற்றவர்களுக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு செல்லில் பழுது மேல் பழுதாகச் சேர்ந்தது. உங்கள் வீட்டுக் கதை அந்த ஐந்து பத்தில் சேரக்கூடியது: அக்கா தங்கை இருவருக்கும் வந்திருக்கிறது, அம்மாவுக்கு ஐம்பதுக்குள். இப்படிப்பட்ட குடும்பங்களைத் தேடிப் பிடித்து ஆராய்ந்துதான், கெட்டால் மார்பகப் புற்று வரவைக்கும் பிஆர்சிஏ1 ஜீன் 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று மேரி கிளேர் கிங் 1990இல் காட்டினார்.

டெஸ்ட் முதலில் அம்மாவுக்கு. அவரிடம் இன்ன இடத்தில் பழுது என்று தெரிந்தால், உங்களிடமும் அதே இடத்தைப் பார்த்து உண்டு, இல்லை என்று சொல்லிவிடலாம். உங்களுக்கு இறங்கியிருக்க வாய்ப்பு சரிபாதி. அம்மாவை விட்டுவிட்டு உங்களை மட்டும் சோதித்து ‘ஒன்றும் இல்லை’ என்று வந்தால், அதை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது. தம்பி இருந்தால் அவருக்கும் சொல்லுங்கள், ஆண் வழியாகவும் இறங்கும்.

குடியாத்தம்: என் மனைவி என் அக்கா மகள். சொந்தத்தில் கட்டியதால் பிள்ளைகளுக்குக் கேன்சர் வருமா?

இதே கேள்வி நாலு ஊரிலிருந்து வந்திருக்கிறது. பிஆர்சிஏ மாதிரி ஜீனுக்கு ஒரு பக்கத்துப் பழுதே போதும். சொந்தமோ அந்நியமோ, கணக்கு மாறாது. அம்மா கொடுத்த பிரதி, அப்பா கொடுத்த பிரதி இரண்டும் கெட்டால்தான் வரும் நோய்களில்தான் சொந்தம் வேலையைக் காட்டும். ஃபேன்கோனி அனீமியா அப்படிப்பட்டது. டிஎன்ஏவில் வந்த பழுதைச் செல்லால் சரிசெய்ய முடியாமல் ரத்தம் குறையும், ரத்தப் புற்றும் வரலாம். ஆனால் மிக அபூர்வம். குடும்பத்தில் அப்படி ஒரு குழந்தை இருந்திருந்தால் ஜெனிடிக் கவுன்சிலிங் போங்கள். இல்லையென்றால் மனைவியைக் குற்றவாளி போல் பார்ப்பதை விடுங்கள். உங்கள் கேள்வியில் அந்த வாடை அடித்தது.

செய்யாறு: பூசணம் பிடித்த மல்லாட்டையை (நிலக்கடலை) செக்கில் ஆட்டிவிடலாமா? வறுத்தால் விஷம் போய்விடுமாமே?

வேண்டாம். வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இது. அந்தப் பூஞ்சை அஃப்லாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். கல்லீரல் அதை மாற்றும்போது பிறக்கும் பொருள், டிஎன்ஏவில் ஜி என்ற எழுத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. செல் இரண்டாகும்போது அந்த ஜி, டி ஆகிவிடும். 1991இல் சீனாவிலும் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் கல்லீரல் கட்டிகளைப் பார்த்தவர்கள், பி53 ஜீனின் 249ஆம் கோடானில் (மூன்று எழுத்துச் சொல்லில்) திரும்பத் திரும்ப இதே மாற்றத்தைக் கண்டார்கள். பழுதான செல்லை நிறுத்துவதும், முடியாவிட்டால் சாக வைப்பதும் பி53இன் வேலை. ஊர்த் தலையாரியையே முதலில் அடித்துப் போட்ட மாதிரி. மாட்டுக்குப் போட்ட சூட்டைப் பார்த்து யார் வீட்டு மாடு என்று சொல்வோமே, அப்படிக் கட்டியின் டிஎன்ஏவைப் பார்த்து எது பழுதாக்கியது என்று பல சமயம் சொல்லிவிடலாம். புகையிலைக்கு ஒரு சூடு, வெயிலுக்கு வேறு சூடு.

வறுத்தால் கொஞ்சம் குறையும், போகாது. செக்கெண்ணெயிலும் கொஞ்சம் இறங்கும். மிச்சம் புண்ணாக்கில் நிற்கும், மாடு தின்றால் வேறு உருவத்தில் பாலில் வரும். ஹெபடைடிஸ் பி உள்ளவருக்கு ஆபத்து பல மடங்கு. நன்றாகக் காயவைத்து மூட்டை கட்டுங்கள். பூசணம் கண்டதை மாட்டுக்கும் போடாதீர்கள்.

ராணிப்பேட்டை: டேனரி குரோம்?

ஒரே வார்த்தையில் கேட்டுவிட்டார். தோல் பதனிடப் போடுவது பெரும்பாலும் மூன்று இணைதிறன் குரோமியம். புற்று உண்டாக்கும் என்று உறுதியானது ஆறு இணைதிறன் குரோமியம், முக்கியமாக மூச்சில் போய் நுரையீரலில். எந்தக் குரோமியம், மூச்சிலா தண்ணீரிலா என்று பிரித்துக் கேளுங்கள்.

வாணியம்பாடி: மேடம், மாமாவுக்கு ஊசி குத்திச் சதை எடுத்தார்கள். மூன்றே மாதத்தில் ஈரலுக்குப் பரவிவிட்டது. கத்தி படக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னது சரிதானே?

வருத்தமாக இருக்கிறது. ஆனால் ஊசிமேல் பழி போட முடியாது. ஊசி போன தடத்தில் செல் ஒட்டி வளர்வது உண்டு, அரிதாக. வந்தால் அந்தத் தடத்திலேயே வரும். ஈரலில் ஸ்கேனுக்குத் தெரியும் ஒரு சென்டிமீட்டர் கட்டி என்றால் அதில் கோடிக்கணக்கான செல்கள். விதை எப்போதோ விழுந்தாயிற்று.

பரவுவது கேன்சர் செல்லுக்கு லேசான வேலை இல்லை. 1970இல் ஐசையா ஃபிட்லர் என்பவர் கதிரியக்க அடையாளமிட்ட கேன்சர் செல்களை எலி ரத்தத்தில் செலுத்தி எண்ணிப் பார்த்தார். ஒரு நாள் கழித்து ஆயிரத்தில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. பிழைத்ததும் கண்ட இடத்தில் முளைக்காது. 1889இல் லண்டன் டாக்டர் ஸ்டீபன் பேஜெட், மார்பகப் புற்றால் இறந்த 735 பேரின் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்து, ஈரலில் பரவும் அளவு மண்ணீரலில் பரவுவதில்லை என்று கண்டு, விதையும் மண்ணும் பொருந்த வேண்டும் என்றார். மல்லாட்டை போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டாம், களிமண்ணில் செடி வரும், காய் பிடிக்காது.

பரவுவதற்கென்றே தனியாக ஒரு ஜீன் கெடுகிறதா என்று நிறையத் தேடினார்கள். முதல் கட்டியில் இருந்த முக்கியப் பழுதுகள்தான் பரவிய கட்டியிலும் பெரும்பாலும் இருக்கின்றன. மாறுவது, எந்த ஜீன் விழித்திருக்கிறது, எது தூங்குகிறது என்பது. செல்லைப் பக்கத்துச் செல்லோடு பிடித்து வைக்கும் ஈ-கேடரின் தூங்கினால் செல் கையை உதறிவிட்டுக் கிளம்பும். போய்ச் சேர்ந்த ஊரில் பல சமயம் அதை மறுபடி எழுப்பிக்கொள்ளும்.

வேலூர், பிளஸ் டூ மாணவர்: இவ்வளவு செல் இருந்தும் யானைக்கு ஏன் கேன்சர் குறைவு?

தம்பி, நம்மிடம் ஒரு ஜோடி பி53. யானையிடம் இருபது ஜோடி என்று 2015இல் எழுதினார்கள். தலையாரிகள் பட்டாளமே இருக்கிறது.

வாலாஜா: அப்பாவுக்கு சிஎம்எல் என்ற ரத்தப் புற்று. ரிப்போர்ட்டில் ‘பிலடெல்பியா குரோமோசோம் பாசிட்டிவ்’. எங்களுக்கும் இருக்குமா? இதென்ன ஊர்ப் பெயர்?

இருக்காது. அப்பாவின் எலும்பு மஜ்ஜையில் ஒரே ஒரு செல்லில் பிற்பாடு நடந்தது, பிள்ளைக்கு இறங்காது. 1960இல் அந்த ஊரில் நோவெலும் ஹங்கர்ஃபோர்டும் இந்த நோயாளிகளிடம் ஒரு குட்டைக் குரோமோசோமைப் பார்த்தார்கள். 9ஆவதும் 22ஆவதும் துண்டு மாற்றிக்கொண்டதால் வந்தது என்று 1973இல் ஜேனட் ரௌலி சொன்னார். ஒட்டிய இடத்தில் பிறந்த புரதம் செல்லை ஓயாமல் பிரியச் சொல்கிறது. அதை அடைக்கும் இமாட்டினிப் என்ற மருந்து 2001இல் வந்தது.

அந்தக் குட்டை 22ஐக் கண்டால் எனக்கு அடையாளம் தெரியும், பழகின முகம். மாத்திரை வந்த பிறகு ஒருவருடைய ஸ்லைடில் வழக்கம்போல் இருபது செல் எண்ணினேன். இருபதிலும் இல்லை. ஸ்லைடு மாறிவிட்டதோ என்று லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.