96 எடுத்த பிள்ளை 18 எடுத்தால்

வணக்கம் அம்மா,

சனிக்கிழமை நீங்கள் இருவரும் வந்துபோன பிறகு, மகளின் விடைத்தாளை நிதானமாக இன்னொரு முறை பார்த்தேன். பத்தாம் வகுப்பு அறிவியலில் 96. பதினொன்றாம் வகுப்பின் முதல் இடைத்தேர்வில் இயற்பியலுக்கு 50-க்கு 18. "காமர்ஸ் குரூப்பில் இன்னும் இடம் இருக்கிறதாம், மாற்றிவிடலாமா சார்?" என்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே தாழ்ந்த குரலில் கேட்டீர்கள். அவள் பக்கத்திலேயே நின்றதால் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்: மாற்ற வேண்டாம்.

முதலில் அந்த 96-ஐப் பார்ப்போம். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் முதல் ஆறு பாடங்கள்தான் இயற்பியல். மீதியெல்லாம் பெரும்பாலும் வேதியியலும் உயிரியலும். 100 மதிப்பெண்ணில் 25 செய்முறைக்கு. நன்றாக மனப்பாடம் செய்கிற பிள்ளை, இயற்பியலை ஓரமாக உரசிக்கொண்டே 96-ஐத் தொட்டுவிடலாம். அது பொய்யான மதிப்பெண் என்று சொல்லவில்லை. ஆனால் அது இயற்பியல் மதிப்பெண் அல்ல. ஆகவே அவள் எங்கிருந்தும் கீழே விழுந்துவிடவில்லை. இப்போதுதான் இந்தப் பாடத்தைத் தொடங்கியிருக்கிறாள்.

அடுத்தது பெற்றோர் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலின் இரண்டாவது பாடம் இயக்கவியல். அதில் அளவோடு திசையும் சொல்லும் வெக்டர் வருகிறது, ஒன்று எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று கணக்கிடும் வகையிடல் வருகிறது, அதன் தலைகீழான தொகையிடல்கூட எட்டிப்பார்க்கிறது. இவையெல்லாம் கணிதப் புத்தகத்தில் எங்கே இருக்கின்றன? இரண்டாம் தொகுதியில். கணித ஆசிரியர் முதல் தொகுதியைத் தொடங்கி கணங்களும் சார்புகளும் நடத்திக்கொண்டிருக்கும்போதே, பக்கத்துப் பாடவேளையில் இயற்பியல் ஆசிரியர் கரும்பலகையில் வகைக்கெழு எழுதுகிறார். பாதி வகுப்பு அதை ஏதோ மந்திரம்போல நோட்டில் இறக்கிக்கொள்கிறது. இருபது ஆண்டுகளாக இந்த மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அழுத பிள்ளைகளில் பலர் அழுதது இந்த இடத்தில்தான். 'எனக்கு மூளை இல்லை' என்று அவர்களாகவே தீர்ப்பு எழுதிக்கொண்டு வருவார்கள். வண்டிக்குப் பின்னால் மாட்டைக் கட்டியது அவர்கள் அல்ல.

இதற்கு மருந்து எளிது. கணித இரண்டாம் தொகுதியிலிருந்து வெக்டரின் தொடக்கப் பகுதியையும், வகையிடலின் அடிப்படைச் சூத்திரங்களையும் இப்போதே யாராவது ஒருவர் அவளுக்குச் சொல்லித்தர வேண்டும். பள்ளியின் கணித ஆசிரியரிடமே கேட்கலாம். மாலையில் பத்து நாள், அரைமணி நேரம் போதும்.

இனி விடைத்தாள். ஒரு கேள்வி: மேல்நோக்கி எறியப்பட்ட பந்து உச்சியை அடையும்போது அதன் முடுக்கம், அதாவது திசைவேகம் மாறும் வீதம், என்ன? மகள் 'சுழி' என்று எழுதியிருக்கிறாள். நீங்கள் வெளியே தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது என் சாவிக்கொத்தை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தேன். "உச்சியில் வேகம் என்ன?" என்றேன். "சுழி சார்." "அந்த ஒரு கணம் பூமி இழுப்பதை நிறுத்திவிடுமா?" பேசாமல் இருந்தாள். மறுபடி போட்டேன். மூன்றாவது தடவை சாவி கைக்கு வருவதற்குள், "நிறுத்தியிருந்தால் சாவி அங்கேயே தொங்கியிருக்குமே சார்" என்றாள். பிறகு விடைத்தாளை இழுத்து, தான் எழுதிய சுழியைத் தானே அடித்து 9.8 என்று எழுதி, கீழ்நோக்கி ஓர் அம்புக்குறியும் போட்டாள். அம்புக்குறியை நான் சொல்லவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் குரூப் மாற்ற வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

அவளுடைய சிக்கல் சொற்களிலும் இருக்கிறது. வேகம், வேலை, திறன் என்பவை நம் வீட்டில் புழங்குகிற சொற்கள். இயற்பியலில் அவற்றுக்கு வேறு கணக்கு. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடியில் அசையாமல் நின்றால் உங்கள் இடுப்பு ஒடியும், ஆனால் குடத்தின்மீது நீங்கள் செய்த வேலை சுழி. இதைச் சொன்னால் எந்தத் தாய்க்கும் கோபம் வரும்தான்! ஆங்கில வழியில் படிக்கும் உங்கள் மகள் 'வெலாசிட்டி', 'ஸ்பீடு' இரண்டையும் ஒன்றாகவே எழுதியிருக்கிறாள். தமிழ்வழிப் புத்தகம் ஒன்று வாங்கி மேஜையில் வைக்கச் சொல்லுங்கள். வெலாசிட்டிக்கு அதில் வரும் திசைவேகம் என்ற சொல்லே திசை வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. புத்தகம் வேறு எதற்கும் அல்ல, சந்தேகம் வரும்போது ஒரு பார்வை பார்ப்பதற்கு.

டியூஷன் பற்றிக் கேட்டீர்கள். அனுப்பலாம். ஆனால் பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை நடத்துகிற இடமாக இருந்தால் வேண்டாம். 2025-26 முதல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை என்று ஆனதும், 'இந்த ஆண்டுப் பாடம் எதற்கு?' என்ற பேச்சு சில இடங்களில் கிளம்பிவிட்டது. பொறியியல் கட்-ஆஃபுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் கணக்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. அது உண்மை. ஆனால் நீட் தேர்வில் இயற்பியலுக்கு 180 மதிப்பெண்; கேள்விகள் இரண்டு ஆண்டுப் பாடங்களிலிருந்தும் வரும். அடுத்த ஆண்டு மின்புலமும் காந்தப்புலமும் படிக்கும்போது, இப்போது விட்ட வெக்டர் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

காமர்ஸ் மட்டமான படிப்பு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். என் சொந்த மகன் படித்தது அதுதான். "கணக்குப்பதிவியல் பிடிக்குமா?" என்று உங்கள் மகளிடம் கேட்டேன். "அது என்னவென்றே தெரியாது சார்" என்றாள். தெரிந்து விரும்பிப் போனால் நானே கடிதம் எழுதித் தருவேன். 18-க்குப் பயந்து போனால், அங்கேயும் முதல் தேர்வில் ஒரு 18 காத்திருக்கலாம்.

காலாண்டு வரை வீட்டில் மதிப்பெண் பேச்சு வேண்டாம். ஆய்வகத்தில் என்ன செய்தாள் என்று மட்டும் கேளுங்கள். தனி ஊசல் வைத்திருப்பார்கள். வீட்டிலேயே ஒரு மீட்டர் நூலில் பூட்டைக் கட்டித் தொங்கவிட்டு, சின்னதாக ஆட்டி, போய்த் திரும்புகிற நேரத்தைக் கைப்பேசியில் அளக்கச் சொல்லுங்கள். பத்து அலைவுக்கு ஏறக்குறைய 20 விநாடி வரும். வராவிட்டால், ஏன் வரவில்லை என்று எழுதிக்கொண்டு வரும் சனிக்கிழமை அவள் மட்டும் வரட்டும். நீங்கள் வர வேண்டியதில்லை.