ஜப்பானிலிருந்து வந்த வேலைக் கடிதம்: ஒரு அம்மாவுக்கு எழுதிய பதில்

அன்புள்ள அம்மா, வணக்கம்.

சனிக்கிழமை நீங்களும் உங்கள் மகன், நம் தம்பியும் வந்துபோன பிறகு, நீங்கள் விட்டுச்சென்ற ஜப்பான் கம்பெனியின் வேலைக் கடிதத்தை, நான்கு பக்கத்தையும் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். "வேலை செஞ்சே செத்துப்போவாங்களாமே சார், அங்க போய் அனுப்பலாமா?" என்று கேட்டீர்கள். தம்பி சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் பயம் வெறும் யூடியூப் பயமில்லை. வேலைப்பளுவால் சாவதற்கு அவர்கள் மொழியில் 'கரோஷி' என்று தனிச் சொல்லே இருக்கிறது. அதைத் தடுக்கவென்றே 2014-ல் ஒரு சட்டம் போட்டார்கள். அதற்கு அடுத்த வருடமே ஒரு பெரிய விளம்பர நிறுவனத்தில் 24 வயதுப் பெண் ஒருத்தி வேலை நெருக்கடி தாங்காமல் இறந்துபோனாள். அந்த மரணம் நாட்டையே உலுக்கியது. 2018-ல் சட்டம் திருத்தப்பட்டு, 2019 ஏப்ரல் முதல் பெரிய கம்பெனிகளுக்கும் அடுத்த வருடம் சிறிய கம்பெனிகளுக்கும் ஓவர்டைமுக்கு வரம்பு வந்தது. மாதம் 45 மணி, வருடம் 360 மணி. தனி ஒப்பந்தம் போட்டுக்கொண்டாலும் வருடத்துக்கு 720 மணியைத் தாண்டக் கூடாது, எந்த ஒரு மாதமும் 100 மணியைத் தொடக் கூடாது. மீறினால் முதலாளிக்குத் தண்டனை உண்டு.

சட்டம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் தம்பியின் கடிதத்தில் பார்க்கவேண்டிய இடம் எது என்று அந்த 45 என்ற எண் நமக்குக் காட்டிக்கொடுக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில், அந்த ஊர்க் கம்பெனி ஆளை எப்படி எடுக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து வருவதுதான்.

நம் ஊரில் 'டிசைன் இன்ஜினியர்' என்று ஒரு வேலை காலியாக இருக்கும், அதற்கு ஆள் தேடுவார்கள். ஜப்பானின் பழைய கம்பெனிகளில் முதலில் ஆளை எடுப்பார்கள், வேலையைப் பிறகு கொடுப்பார்கள். படிப்பு முடிக்கும் பிள்ளைகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஏப்ரல் 1 அன்று ஒன்றாகச் சேர்ப்பார்கள். பயிற்சி கொடுத்து, இந்தப் பிரிவில் சில வருடம், அந்தப் பிரிவில் சில வருடம் என்று மாற்றி மாற்றி வளர்ப்பார்கள். வேறு ஊருக்குப் போகச் சொன்னால் போகவேண்டும். பதிலுக்கு, லேசில் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். சம்பளமும் வயதோடும் அனுபவத்தோடும் மெல்ல மெல்ல ஏறும். நம் பையன்கள் மூன்றாவது வருடத்தில் மனம் உடைவது பெரும்பாலும் இங்கேதான். "நான் நல்லா வேலை பாக்கறேன், பக்கத்து சீட்காரர் சும்மா இருக்கார், அவருக்கு ஏன் அதிகம்?" என்பார்கள். பக்கத்து சீட்காரர் பத்து வருடம் மூத்தவர், அவ்வளவுதான் காரணம்.

தம்பியின் தாளில் 'பணி' என்ற இடத்தில் உற்பத்திப் பொறியியல் என்றும், அதன் கீழேயே 'மாற்றத்தின் வரம்பு: நிறுவனம் நிர்ணயிக்கும் அனைத்துப் பணிகளும்' என்றும் இருக்கிறது. நீங்கள் அதைச் சந்தேகத்தோடு அடிக்கோடிட்டிருந்தீர்கள். அது ஏமாற்று வேலையில்லை, அம்மா. எந்த வேலைக்கும் எந்த ஊருக்கும் மாற்றக்கூடும் என்பதை எழுத்தில் சொல்லியே ஆகவேண்டும் என்று 2024 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. சொன்னது நல்லது. அதை ஏற்கத் தயாரா என்று தம்பிதான் யோசிக்க வேண்டும்.

இப்போது அந்த 45. மாதச் சம்பளம் 2,59,500 யென் என்று பார்த்து வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டீர்கள். இரண்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருப்பதைப் பாருங்கள்: அடிப்படைச் சம்பளம் 1,92,000. மீதி 67,500 யென், 45 மணி நேர ஓவர்டைமுக்காக முன்கூட்டியே சேர்த்துவிட்ட பணம். இதை 'நிலையான ஓவர்டைம் தொகை' என்பார்கள். சட்டப்படி தவறில்லை. 45 மணிக்கு மேல் போனால் தனியாகத் தரவேண்டும், ஓவர்டைமே செய்யாத மாதமும் இந்தத் தொகையைக் குறைக்க முடியாது. சில கம்பெனிகளில் இது வெறும் சம்பளக் கணக்கு, பையன் ஏழு மணிக்கே வீட்டில் இருப்பான். சில இடங்களில் 'காசு கொடுத்தாச்சு, உட்காரு' என்ற அர்த்தத்தில் நடக்கும். எது என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. "சேரப்போகும் பிரிவில் போன வருடம் மாதச் சராசரி ஓவர்டைம் எத்தனை மணி?" என்று தம்பி மெயிலில் மரியாதையாகக் கேட்கலாம். ஒழுங்கான கம்பெனி எண்ணோடு பதில் சொல்லும். போனஸ் பெரும்பாலும் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்காகும் என்பதையும் மனதில் வையுங்கள்.

பாண்டு எழுதி வாங்குவார்களா என்று கேட்டீர்கள். பாதியில் விலகினால் இவ்வளவு கட்டு என்று முன்கூட்டியே ஒப்பந்தம் போடுவதை அவர்களுடைய தொழிலாளர் சட்டத்தின் 16-ஆம் பிரிவு தடை செய்கிறது. தம்பிக்குக் கிடைத்திருப்பது காலவரையற்ற, நேரடிப் பணி. அவர்கள் சொல்லில் 'செய்ஷயின்'. இது பெரிய விஷயம். அங்கே வேலை செய்பவர்களில் பத்தில் கிட்டத்தட்ட நான்கு பேர் ஒப்பந்தம், பகுதிநேரம், ஆள் அனுப்பும் நிறுவனம் என்று வேறு வகைகளில்தான் இருக்கிறார்கள். பொறியாளர் விசாவில் போகிறவன் பிடிக்காவிட்டால் வேறு கம்பெனி தேடலாம், மாறினால் 14 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவித்தால் போதும். புது வேலை அதே விசாப் பிரிவுக்குள் இருக்கவேண்டும், அவ்வளவே.

அதனால்தான் உங்கள் பக்கத்துத் தெரு ஏஜென்ட் சொன்னதை வேண்டாம் என்கிறேன். "நாலரை லட்சம் குடுங்க, மூணு மாசத்துல ஜப்பான்" என்பது வேறு பாதை. தொழில்நுட்பப் பயிற்சியாளர் என்ற பெயரில் 1993-லிருந்து நடக்கும் அந்தத் திட்டத்தில் போனவர்களால் நினைத்தபடி முதலாளியை மாற்ற முடியவில்லை. கடன் வாங்கிப் போய் அகப்பட்டுக்கொண்டவர்கள் ஏராளம். ஜப்பானே அதைக் கைவிட்டு 2027-ல் புதுத் திட்டம் கொண்டுவருகிறது. இன்ஜினியரிங் முடித்த பையன் அந்த வழியாகப் போக வேண்டியதே இல்லை. இன்னொன்று: வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் பதிவு பெற்ற ஏஜென்ட் நம்மிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். இதை அக்கம்பக்கத்திலும் சொல்லுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரமாக நம் பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்கள் என்று தம்பி கேட்டான். அங்கே ஆள் இல்லை, அதுதான் விஷயம். 15 முதல் 64 வயதுள்ளவர்கள் 1995-ல் 8.7 கோடி இருந்தார்கள், இப்போது 7.4 கோடிக்கும் கீழே. 2024-ல் பிறந்த ஜப்பானியக் குழந்தைகள் ஏழு லட்சம்கூட இல்லை. அதே வருடம் அக்டோபர் கணக்கில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் 23 லட்சம் பேர். இந்தியாவிலிருந்து ஐந்து வருடத்தில் 50,000 திறன் பெற்றவர்களை எடுப்பதென்று 2025 ஆகஸ்டில் இரு பிரதமர்களும் அறிவித்தார்கள். முப்பது வருடம் ஏறாமல் கிடந்த சம்பளமும் தொழிற்சங்கங்களும் கம்பெனிகளும் நடத்தும் 2024 வசந்தகாலச் சம்பளப் பேச்சுவார்த்தையில் சராசரி 5 சதவீதத்துக்கு மேல் ஏறியது. பையனுக்கு இது நல்ல நேரம்தான்.

எனக்கு உண்மையில் கவலை தருவது அவனுடைய பேசாத சுபாவம். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் நீங்கள்தான் பதில் சொன்னீர்கள். ஜப்பான் கம்பெனியில் 'ஹோரென்ஸோ' என்று ஒரு பழக்கம்: நடந்ததைச் சொல், தெரிய வேண்டியவருக்குத் தெரிவி, முடிவெடுக்குமுன் கலந்து பேசு. மூன்று சொற்களின் முதலெழுத்தும் சேர்ந்தால் அவர்கள் மொழியில் பசலைக்கீரை. மெஷினில் ஒரு கோளாறு என்றால் நம் பையன் தானே சரிசெய்து மாலையில் பெருமையாகச் சொல்வான். அங்கே அது தப்பு. பார்த்த நிமிடமே சொல்லவேண்டும். கூட்டத்தில் திடீரென்று புது யோசனையை எடுத்துவைப்பதும் எடுபடாது. முன்னாடியே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசிப் பக்குவப்படுத்தவேண்டும். மரத்தைப் பெயர்த்து வேறு இடத்தில் நடுமுன் வேரைச் சுற்றிக் கொத்திவிடுவோமே, அதே சொல்லைத்தான் இதற்கும் வைத்திருக்கிறார்கள்: 'நெமவாஷி'. இந்த முறைகள் நமக்கு வராதவை இல்லை. தரத்துக்காக ஜப்பான் தரும் டெமிங் பரிசை 1998-ல் இந்தியாவில் முதன்முதலாக வாங்கியது சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக்ஸ் பிரிவு.

ஆனால் இதற்கெல்லாம் வாய் திறக்க மொழி வேண்டும். ஜப்பானிய மொழித் தேர்வில் என்4 நிலை கையில் இருப்பது கடைக்குப் போகப் போதும், ஃபோர்மேனிடம் தவறை ஒப்புக்கொள்ளப் போதாது. ஜூலையிலும் டிசம்பரிலும் சென்னையில் தேர்வு நடக்கிறது. கிளம்புமுன் அதற்கு மேல்படியான என்3 எழுதட்டும். கேம் விளையாடும் நேரத்தில் பாதி போதும்.

சாப்பாடு, குளிர் பற்றிக் கவலை வேண்டாம், பழகிவிடும். பணத்தில் ஒன்று மட்டும் முன்கூட்டிச் சொல்கிறேன். நான் அனுப்பிய ஒரு பெண் இரண்டாம் வருட ஜூனில் இரவு பதினொன்றுக்குப் போன் செய்து, "சார், சம்பளத்தைக் குறைச்சிட்டாங்க" என்று அழுதாள். குறைக்கவில்லை. முந்தைய வருட வருமானத்துக்கான உள்ளூர் குடியிருப்பு வரி அந்த மாதம்தான் பிடிக்க ஆரம்பிக்கும். அவளுக்கு அதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அதனால் முதல் வருடக் கணக்கை வைத்து வீட்டுக் கடனோ தங்கை கல்யாணச் சீட்டோ தொடங்கிவிடாதீர்கள்.

வருகிற சனிக்கிழமைக்குள் தம்பி அந்த மெயிலை அனுப்பட்டும். அவனே எழுதட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டாம். பதில் வந்ததும், மொழிபெயர்ப்பு நகலோடு ஜப்பானிய மொழி அசலையும் எடுத்துக்கொண்டு அவனைத் தனியாக அனுப்பிவையுங்கள்.