திறக்க மனம் வராத களஞ்சியம்

கேள்வி: எனக்கு வயது 43. நானும் மனைவியும் சம்பாதிக்கிறோம், கடன் இல்லை. குடும்பத்தின் 7 ஆண்டுச் செலவுக்கு ஈடான தொகையை வைப்புநிதியிலும் மியூச்சுவல் ஃபண்டுகளிலும் சேர்த்திருக்கிறேன். அண்மையில் என் தம்பி, தன் மனைவியின் அறுவை சிகிச்சைக்காக எங்கள் 2 மாதச் செலவுக்குச் சமமான தொகையைக் கேட்டபோது, வைப்புநிதியை முதிர்வுக்கு முன் உடைக்க மனமின்றி மறுத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு ஆராதனையில், கொலோசெயர் 3:5-இல் வரும் 'விக்கிரகாராதனையான பொருளாசை' என்ற சொற்களைப் பற்றிப் போதகர் பேசினார். காலையில் வேதத்தைத் திறக்கும் முன்பே முதலீட்டுச் செயலியைத் திறக்கிறவன் நான் என்பது அப்போது உறைத்தது. எல்லாவற்றையும் விற்றுச் சபைக்குக் கொடுத்துவிடலாமா?

பதில்: விற்க வேண்டாம். கணக்கின்படி பார்த்தால் உங்கள் சேமிப்பு அதிகமே இல்லை. 60 வயதில் ஓய்வு பெற்று 85 வரை வாழ்ந்தால் 25 ஆண்டுச் செலவைச் சமாளிக்க வேண்டியிருக்கும். கையில் இருப்பதோ 7 ஆண்டுக்கானது, அதிலும் விலைவாசி உயர்வு ஒரு பகுதியைத் தின்றுவிடும். ஆகவே உங்களை உறுத்துவது தொகையின் அளவாக இருக்க முடியாது. சிறிய தொகையும் விக்கிரகமாகலாம், பெரிய தொகையும் வெறும் கருவியாகவே இருந்துவிடலாம் என்பதை என் தொழிலில் அடிக்கடி காண்கிறேன்.

வேதத்தில் களஞ்சியம் கட்டியவர்கள் இருவரை ஒப்பிட்டுப் பாருங்கள். லூக்கா 12-ஆம் அதிகாரத்து ஐசுவரியவான், பழைய களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிடுகிறான். அவன் பேச்சு முழுவதும் 'என் தானியம்', 'என் பொருள்கள்' என்றே போகிறது, அதில் வேறொரு மனிதருக்கு இடமே இல்லை. ஆதியாகமம் 41-இல் எகிப்தின் நிர்வாகத்தைக் கவனித்த யோசேப்பும் 7 ஆண்டுகள் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்தார். ஆனால் பஞ்சம் வந்ததும் களஞ்சியங்களைத் திறந்தார். எகிப்தியருக்கு அவர் தானியத்தை இலவசமாகத் தரவில்லை, விற்றார் என்பதையும் நிதி ஆலோசகனாக நான் கவனிக்கிறேன். தம் சகோதரர் வந்தபோதோ, அவர்கள் கொடுத்த பணத்தையே அவர்களுடைய சாக்குகளில் திரும்ப வைக்கச் சொன்னார். சேர்த்தது இருவருமே, எதற்காகச் சேர்த்தோம் என்பது ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

உங்கள் தம்பி கேட்டது 84 மாதச் செலவில் 2 மாதம், அதாவது 42-இல் ஒரு பங்கு. வைப்புநிதியை முன்கூட்டியே முடித்திருந்தால் வட்டியில் ஒரு பகுதியைத்தான் இழந்திருப்பீர்கள். மறுப்பதற்கு நியாயமான காரணங்கள் இருக்கக்கூடும், ஆனால் நீங்கள் எழுதியதில் எதுவும் தென்படவில்லை. தேவை இன்னும் இருந்தால் இந்த வாரமே கொடுங்கள். திரும்பி வராது என்று கணக்கில் எழுதிவிட்டுக் கொடுங்கள், வந்தால் வரட்டும். சொந்தக்காரர்களுக்கிடையே திருப்பும் தேதி குறித்த கடன், பணத்தோடு உறவையும் சேர்த்து முறித்துவிடுகிறது.

அனைத்தையும் சபைக்குக் கொடுத்துவிடும் எண்ணம் பக்தியாகத் தோன்றலாம். மாற்கு 7-இல், பெற்றோருக்குச் செய்ய வேண்டிய உதவியைக் 'கொர்பான்', அதாவது காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு கடிந்துகொண்டதை நினைவில் வையுங்கள். குற்றவுணர்ச்சியில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு முதுமையில் பிள்ளைகளைச் சார்ந்திருப்பது அவர்கள்மேல் சுமத்தும் பாரம். நூறு மடங்கு திரும்பி வரும் என்ற எதிர்பார்ப்பில் கொடுப்பதும் வேண்டாம். அங்கே காணிக்கை முதலீடாகிவிடுகிறது, கடவுள் வட்டி தருபவராகிவிடுகிறார். என் பார்வையில் அதுவும் விக்கிரகாராதனையே, சபைக்குள்ளேயே நடப்பதால் கண்ணில் படுவதில்லை.

இனி நடைமுறைக்கு வருகிறேன். 6 மாதச் செலவை எளிதில் எடுக்கக்கூடிய கணக்கில் அவசரகால நிதியாக வையுங்கள். மீதித் தொகையை ஓய்வுக்காலம், பிள்ளைகளின் படிப்பு என்று நோக்கம் குறித்துப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு போதும் என்பதை மனைவியோடு உட்கார்ந்து எண்ணாக எழுதுங்கள். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான்: தொடங்கும் தொகையை உடனே சொல்வார்கள், போதும் என்ற தொகையைச் சொல்ல வாய் வராது. உதவிக்கென்று தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, சம்பளம் வந்த அன்றே ஒரு பங்கை அதில் போடுங்கள். அடுத்த முறை யாராவது கேட்கும்போது வைப்புநிதியின் முதிர்வுத் தேதியைப் பார்க்க வேண்டியிராது. ஓய்வுக்காலத்துக்கான முதலீடுகளை ஆண்டுக்கு 2 முறை பார்த்தால் போதும். செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிடுங்கள். அந்த 2 நாட்களில் கணினியில் பார்த்துக்கொள்ளலாம்.