சாளரம் அடம்பிடித்தால்: ஆப் எழுதுவோர் கேள்வி–பதில்

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஒரே நிரலை ஓட்டுகிறவர்கள் கேட்டவை இவை. ‘விண்டோ’ என்று எழுதினால் ‘விண்டோஸ்’ உடன் குழம்பும் என்பதால் இங்கே எல்லா இடத்திலும் சாளரம். வேறு பெயர் சொல்லாத இடங்களில் பதில், வலைப்பக்க நுட்பத்தில் டெஸ்க்டாப் ஆப் எழுத உதவும் எலெக்ட்ரானுக்கானது. மேற்கோளில் உள்ளவை நிரலில் வரும் பெயர்கள்.

கேள்வி: எலெக்ட்ரான் ஆப்பைத் திறந்ததும் ஒரு கணம் வெள்ளையாகப் பளிச்சிடுகிறது. டார்க் தீமில் கண் கூசுகிறது. எப்படித் தவிர்ப்பது?

சாளரம் முதலில் திரைக்கு வருகிறது, பக்கம் அதன்பிறகுதான் வரையப்படுகிறது. இடையில் தெரிவது சாளரத்தின் வெறும் பின்னணி. உருவாக்கும்போது ‘ஷோ’ என்பதற்கு ஃபால்ஸ் கொடுத்து, ‘ரெடி-டு-ஷோ’ நிகழ்வு வந்ததும் காட்டுங்கள். ‘பேக்கிரவுண்ட்-கலர்’ என்பதில் தீமின் நிறத்தையே வையுங்கள். கனமான ஆப்பில் அந்த நிகழ்வு தாமதமாகத்தான் வரும். ஐகானை அழுத்தியவர் எதுவும் நடக்கவில்லை என்று நினைத்து மறுபடி அழுத்துவார். அப்படிப்பட்ட ஆப்பில் சாளரத்தை மறைக்காமல், நிறத்தை மட்டும் சரிசெய்து உடனே காட்டுவதே மேல்.

எலெக்ட்ரானைப் போன்ற இன்னொரு கருவியான டாரியிலும் வழி இதுதான்: அமைப்புக் கோப்பில் ‘விசிபிள்’ ஃபால்ஸ், பக்கம் தயாரானதும் ‘ஷோ’. டாரி 2-இல் முன்பக்க நிரலிலிருந்து இதை அழைத்தால், சாளரத்தைக் காட்டும் அனுமதியைக் கேப்பபிலிட்டி கோப்பில் (எந்தச் சாளரம் எதைச் செய்யலாம் என்று பட்டியலிடும் கோப்பு) சேர்த்திருக்க வேண்டும். இல்லையேல் சாளரம் மறைந்தபடியே கிடக்கும்.

கேள்வி: மூடிய இடத்திலேயே சாளரம் மறுபடி திறக்க வேண்டும். இடத்தைச் சேமிக்கிறேன். ஆனால் சிலருக்கு ஆப் ஓடுகிறது, சாளரம் மட்டும் கண்ணில் படுவதில்லை.

பெரும்பாலும் இரண்டாவது மானிட்டரைக் கழற்றியிருப்பார்கள். அது இடப்பக்கம் இருந்திருந்தால் எக்ஸ் மதிப்பு எதிர்மறையாகச் சேமிக்கப்பட்டிருக்கும். இப்போது அந்த இடத்தில் திரையே இல்லை. இன்னொரு காரணமும் உண்டு: விண்டோஸ், மினிமைஸ் செய்த சாளரத்தை -32000, -32000 என்ற புள்ளியில் கொண்டுபோய் வைக்கும். அந்த நிலையில் எடுத்த எண்ணைச் சேமித்தால் கதை முடிந்தது.

ஆகவே சேமிக்கும்போது ‘கெட்-நார்மல்-பவுண்ட்ஸ்’ தரும் எண்களை எடுங்கள். மினிமைஸ், மேக்சிமைஸ், முழுத்திரை எதில் இருந்தாலும் அது சாதாரண நிலையின் இடத்தையும் அளவையும்தான் சொல்லும். மேக்சிமைஸ் ஆகியிருந்ததா என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். நகர்த்தும்போது நிகழ்வுகள் மழையாகப் பொழியும். கடைசி நிகழ்வுக்குப் பின் 500 மில்லிநொடி பொறுத்து ஒருமுறை எழுதினால் போதும். ‘பிஃபோர்-க்விட்’ நிகழ்வை மட்டும் நம்பி எழுதாதீர்கள். விண்டோஸில் கணினியை ஷட்டவுன் செய்தாலோ லாக்-ஆஃப் செய்தாலோ அது வருவதே இல்லை.

திறக்கும்போது, இப்போது இணைந்திருக்கும் எல்லாத் திரைகளின் ‘வொர்க்-ஏரியா’வையும் (டாஸ்க்பார் போன்றவை போக மீதி இடம்) எடுத்து, சேமித்த செவ்வகம் ஏதாவது ஒன்றின் மேல் விழுகிறதா என்று பாருங்கள். மூலையில் ஒரு பிக்சல் பட்டால் போதாது. டைட்டில் பட்டையில் 100 பிக்சல் அகலம், 40 பிக்சல் உயரமாவது தெரிந்தால்தான் மவுஸால் பிடித்து இழுக்க முடியும். அதுகூட இல்லையென்றால் இடத்தை விட்டுவிட்டு, முதன்மைத் திரையின் நடுவில் திறங்கள். ‘கெட்-டிஸ்ப்ளே-மேட்சிங்’ இருக்கிறதே என்று அதை மட்டும் நம்ப வேண்டாம். எந்தத் திரையும் பொருந்தாவிட்டாலும் ஏதோ ஒன்றைத் தந்துவிடும், உங்களுக்குக் கோளாறு தெரியாது. ஒரு திரை 100%, இன்னொன்று 150% என்று ஸ்கேலிங் வேறுபட்டால் அளவு பிசகக்கூடும். முதலில் இடத்தை வைத்துவிட்டு, பிறகு அளவை வையுங்கள்.

சி++ நிரலாளர்கள் பயன்படுத்தும் க்யூட்டி (Qt) நூலகத்தில் இவ்வளவு பாடில்லை. ‘சேவ்-ஜியோமெட்ரி’, ‘ரெஸ்டோர்-ஜியோமெட்ரி’ இரண்டும், திரைக்கு வெளியே போன சாளரத்தை உள்ளே இழுப்பது உட்பட இதில் பெரும்பகுதியைத் தாமே பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: அதே நிரல், லினக்ஸில் மட்டும் இடத்தை மதிப்பதே இல்லை.

வேலண்ட் அமர்வாக இருக்கும். லினக்ஸில் சாளரங்களைத் திரைக்குக் கொண்டுவரும் புதிய முறை அது; பழையது எக்ஸ்11. அங்கே சாதாரண ஆப்பின் சாளரம் திரையில் தான் எங்கே இருக்கிறோம் என்று அறியவும் முடியாது, அந்த இடத்தை மாற்றவும் முடியாது. அந்த முடிவு, எல்லாச் சாளரங்களையும் சேர்த்துத் திரையில் வரையும் கம்பாசிட்டருடையது. இது பிழையல்ல, வேண்டுமென்றே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். வேலண்டில் அகலத்தையும் உயரத்தையும் மட்டும் சேமியுங்கள். இடத்தையும் சேர்த்துச் சேமித்தால் 0, 0 என்று பதிவாகி, பின்னர் எக்ஸ்11 அமர்வில் சாளரம் மூலையில் போய் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: மூடும் பொத்தானை அழுத்தினால் சாளரம் ட்ரேயில் (கடிகாரத்தின் அருகே சிறு ஐகான்கள் இருக்கும் இடம்) ஒளிந்துகொள்ளும்படி செய்தேன். இப்போது மேக்கில் கமாண்ட்-க்யூ அழுத்தினாலும் ஆப் சாக மறுக்கிறது.

‘க்ளோஸ்’ நிகழ்வைத் தடுத்து ‘ஹைட்’ செய்கிறீர்கள். கமாண்ட்-க்யூவும் ஒவ்வொரு சாளரத்தையும் மூடச் சொல்லித்தான் வெளியேறும். அதையும் நீங்களே தடுத்துவிடுகிறீர்கள். ஒரு பூலியன் மாறி வையுங்கள். ‘பிஃபோர்-க்விட்’ வந்ததும் அதை ட்ரூ ஆக்குங்கள், ‘க்ளோஸ்’ நிகழ்வில் அது ஃபால்ஸாக இருந்தால் மட்டும் தடுங்கள்.

மேக்கில் எல்லாச் சாளரமும் மூடினாலும் ஆப் உயிரோடிருப்பதே வழக்கம். ‘விண்டோ-ஆல்-க்ளோஸ்ட்’ நிகழ்வில் மேக் தவிர்த்த மற்றவற்றில் மட்டும் வெளியேறுங்கள். டாக்கில் ஐகானை அழுத்தினால் ‘ஆக்டிவேட்’ வரும். சாளரம் ஒளிந்திருந்தால் காட்டுங்கள், ஒன்றுமே இல்லையென்றால் புதிதாக உருவாக்குங்கள்.

கேள்வி: ஐகானை இருமுறை அழுத்தினால் இரண்டு ஆப் திறக்கிறது.

‘ரிக்வெஸ்ட்-சிங்கிள்-இன்ஸ்டன்ஸ்-லாக்’ அழையுங்கள். ஃபால்ஸ் வந்தால் உடனே வெளியேறுங்கள். முதலில் ஓடும் ஆப்புக்கு ‘செகண்ட்-இன்ஸ்டன்ஸ்’ நிகழ்வு வரும். அங்கே, மினிமைஸ் ஆகியிருந்தால் முதலில் ‘ரெஸ்டோர்’, பிறகு ‘ஃபோகஸ்’.

கேள்வி: சட்டமில்லாத (ஃப்ரேம்லெஸ்) சாளரத்தில் நானே டைட்டில் பட்டை வரைந்தேன். இழுக்க முடிகிறது, ஆனால் அதிலுள்ள பொத்தான்கள் வேலை செய்யவில்லை.

‘ஆப்-ரீஜன்’ ட்ராக் என்று குறித்த பகுதியில் மவுஸ் நிகழ்வுகள் உங்கள் பக்கத்துக்கு வராது, இயங்குதளமே எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு பொத்தானுக்கும் நோ-ட்ராக் கொடுங்கள். பட்டையிலுள்ள எழுத்து மவுஸில் தேர்வாகாதபடி ‘யூசர்-செலக்ட்’ நன் என்று வையுங்கள்.

சொந்தப் பொத்தான்கள் அவசியம்தானா என்பதையும் யோசியுங்கள். விண்டோஸ் 11-இல் மேக்சிமைஸ் பொத்தான்மேல் மவுஸை நிறுத்தினால் ஸ்னாப் தளவமைப்புகள் (சாளரங்களைத் திரையில் பங்கிட்டு வைக்கும் மாதிரிகள்) விரியும். நீங்கள் வரைந்த பொத்தானில் அது வராது. எலெக்ட்ரானில் ‘டைட்டில்-பார்-ஸ்டைல்’ ஹிடன் என்றும் ‘டைட்டில்-பார்-ஓவர்லே’ ட்ரூ என்றும் வைத்தால், இயங்குதளத்தின் பொத்தான்கள் அப்படியே இருக்கும், மீதிப் பட்டை உங்களுடையது.

கேள்வி: விண்டோஸில் சரியாக இருந்த மோடல் சாளரத்துக்கு (மூடும்வரை தாய்ச் சாளரத்தைத் தொட விடாத சாளரம்) மேக்கில் மூடும் பொத்தானே இல்லை.

மேக்கில் மோடல், தாய்ச் சாளரத்தோடு ஒட்டிய ஷீட்டாக வரும். அதற்கு டைட்டில் பட்டை கிடையாது. உள்ளேயே ஒரு ‘ரத்து’ பொத்தானை வைத்து, எஸ்கேப் விசைக்கும் அதே வேலையைக் கொடுங்கள்.