சர்க்கரை 5.2, இன்சுலின் 24: லேப் தவறா?

உங்கள் தம்பியின் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை 5.2 (மில்லிமோல்/லிட்டர்) என்று நார்மலாகவும், இன்சுலின் 24 என்று அதிகமாகவும் வந்திருப்பதால் லேப் தவறா என்று கேட்டிருந்தீர்கள். லேப் தவறாகத்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். இந்த இரண்டு எண்களும் சேர்ந்தே வரக்கூடியவை. பருத்த ரீசஸ் குரங்குகளை ஆண்டுக்கணக்கில் கவனித்தபோது இதே வரிசைதான் தெரிந்தது: முதலில் இன்சுலின் ஏறும், கொழுப்புத் திசு சுரக்கும் அடிப்போனெக்டின் என்ற ஹார்மோன் குறையும், சர்க்கரை அப்போதும் நார்மலாகவே இருக்கும். பிறகு கணையம் தளர்ந்து இன்சுலின் சரியும்போதுதான் சர்க்கரை எகிறும். அதனால் 5.2-ஐப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

இன்சுலின் ஏறுவதற்குப் பெரும்பாலும் தொப்பைக் கொழுப்புதான் காரணம். இடுப்பை அளந்து பாருங்கள், 90 செ.மீ. தாண்டுகிறதா? அப்புறம் சுங்கை சிப்புட் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்கில்) எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, பார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்று, ரத்தம் கொடுத்த அன்று பெரட்டுக்கு (தோட்டத்துக் காலை ஆள்கணக்கு எடுப்புக்கு) போகுமுன் கெட்டிப்பால் தேத்தண்ணி குடித்தாரா? குடித்திருந்தால் அந்த 24-ஐ நம்ப முடியாது; வெறும் வயிற்றில் மறுபடி எடுங்கள்.